ரசம், ஜின், கொஞ்சம் பானகம்

தெலுக் ஆயர் வட்டாரத்துப் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், ரசத்தில் ஜின் கலந்து, பாலில் ஊற்றித் திரியவிட்டு, வடிகட்டி, 28 வெள்ளிக்கு விற்கிறார்கள். மேசைக்கு வரும்போது அது ரசம்போலவும் இல்லை, பால்போலவும் இல்லை. வெளிர் மஞ்சளாக, கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு நீர். ஒரு வாய் குடித்தேன். முதலில் கறிவேப்பிலை, பிறகு மிளகு, எல்லாம் இறங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் புளி. காய்ச்சல் நாளில் அம்மா கொடுக்கும் கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது.

வழக்கமில்லாத வேலைகளில் இருக்கும் தமிழ் இளையர்களை வானொலியில் பேட்டி காணும் ஓர் அங்கத்துக்காக ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் இந்த மதுக்கூடத்துக்குப் போனேன். கடையின் பெயரையும் தம்பியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. கடையின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். தம்பியின் பெயர் வேண்டாம் என்பது அவர் கேட்டுக்கொண்டது. “அப்பா சொந்தக்காரங்ககிட்ட ‘ஹோட்டல் லைன்’னுதான் சொல்லி வெச்சிருக்காருக்கா” என்றார். வயது 29.

வானொலியில் எனக்கு முதல் சிக்கல் சொல்லில்தான் வந்தது. பார்டெண்டரைத் தமிழில் எப்படி அழைப்பது? ‘மது பரிமாறுபவர்’ என்றால் வேலையில் பாதிதான் வருகிறது. ‘மதுக்கலவையாளர்’ என்றால் கட்டுமானத் தளத்தில் சிமெண்ட் கலப்பவர்போல ஒலிக்கிறது. சமையற்கலைஞர் என்று கூசாமல் சொல்கிறோம், அந்த மரியாதையை இந்தத் தொழிலுக்குக் கொடுக்க நம் மொழிக்கு இன்னும் மனம் வரவில்லை. கடைசியில் ‘பார்டெண்டர்’ என்றே ஒலிபரப்பினோம்.

அவருடைய வேலையை அருகில் நின்று பார்த்தால் அது பெரும்பாலும் சமையல்தான். நான் போனது மாலை 4 மணிக்கு, கடை திறக்க இரண்டு மணி நேரம் இருந்தது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையோடு ஊறவைத்த ஜின் ஒரு பக்கம். தக்காளியைப் பிழிந்து வடித்த நீரும் புளிக்கரைசலும் இன்னொரு பக்கம். இவற்றைக் கலந்து பாலில் மெதுவாக ஊற்றுகிறார். பாலைக் கலவையில் ஊற்றக் கூடாதாம். கலவையைத்தான் பாலில் ஊற்ற வேண்டும், அப்போதுதான் திரிவது மெல்லிய பஞ்சுபோல இருக்குமாம். புளியின் காடியில் பால் திரிகிறது. அந்தத் திரள்கள் கலவையில் இருக்கும் துவர்ப்பையும் முரட்டுத்தனத்தையும் பிடித்துக்கொள்கின்றன. காப்பி வடிதாளில் பல மணி நேரம் சொட்டச் சொட்ட வடிந்தால், அடியில் தெளிவு. முதலில் வடிவது கலங்கலாக இருக்கும், அதை மறுபடியும் அதே திரள்மீது ஊற்ற வேண்டும்.

ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளாக இருக்கும் உத்தி இது. தம்பி இதைப் படித்ததும் முதலில் நினைத்தது பன்னீர் செய்வதைத்தானாம். “அதே விஷயம்தான்கா. அவங்க தண்ணிய வெச்சிக்கிட்டு திரட்டக் கொட்டுறாங்க, நாம தண்ணியக் கொட்டிட்டு திரட்ட வெச்சிக்கிறோம்.”

பனிக்கட்டிக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நீர் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால், கரைந்திருக்கும் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு வெள்ளையாகிறது. பக்கங்களையும் அடியையும் வெப்பம் புகாமல் மூடி, மேலிருந்து மட்டும் உறையவிட்டால் அந்தக் காற்று கீழே தள்ளப்படும். கீழ்ப்பகுதியை அறுத்து எறிந்தால் மிச்சம் பளிங்கு. பெரிய கட்டி மெதுவாகக் கரையும், பானம் சீக்கிரம் நீர்த்துப்போகாது. இதையெல்லாம் கேட்டபோது, தொழில் தெரிந்த ஒரு தட்டார் பட்டறையில் நிற்பதுபோல இருந்தது.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கிண்ணத்தின் மேல் புகை நிரம்பிய குமிழி ஒன்றை உட்கார வைத்துத் தந்தார்கள். தொட்டதும் வெடித்துப் புகை பரவியது. பக்கத்து மேசையில் மூன்று கைப்பேசிகள் எழுந்தன. குடித்தால் சாதாரணப் பழச்சாறு. கண்ணுக்கு மட்டும் சமைத்த கல்யாண விருந்து மாதிரி.

விலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். 28 வெள்ளியோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்தால் 33 வெள்ளி 57 காசு. மதுவுக்கான தீர்வைதான் காரணம் என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் ஜின், ரம் போன்றவற்றுக்குச் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 40 விழுக்காடு வலிமையுள்ள ஜின் 45 மில்லிலிட்டர் ஊற்றினால் தீர்வை 1 வெள்ளி 58 காசுதான் வருகிறது. மற்றதெல்லாம் வாடகை, ஆள், நேரம், அந்த வடிதாள்.

நம்மூர் மதுக்கூடங்களில் வட்டாரச் சுவை புதிதல்ல. ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஹைனானியரான ஙியாம் தோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங்கிலேயே அன்னாசிச் சாறு உண்டு. ஆனால் இங்கே விளைவதையும் வாழ்வதையும் தேடி எடுத்துக் கிண்ணத்தில் போடலாம் என்று உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்களில் ஒருவர் விஜய் முதலியார். 2016ல் அமோய் ஸ்திரீட்டில் அவர் தொடங்கிய ‘நேட்டிவ்’ மதுக்கூடம், இந்த வட்டாரத்தில் வடித்த மதுவகைகளையும் சுற்றுவட்டாரத்தில் பறித்த இலைகளையும் பயன்படுத்தியதற்காகவும், எறும்பு தூவிய ஒரு காக்டெய்லுக்காகவும் பேசப்பட்டது. “பட்டியல்ல நம்ம பேரு மாதிரி ஒரு பேரப் பாத்தப்பதான், இதுல போகலாம்னு தைரியம் வந்துச்சு” என்றார் தம்பி.

தைரியம் என்ற சொல்லை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மலாயாத் தோட்டங்களில் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய கூலி வீட்டுக்கு வருமுன் அங்கே இறங்கிவிடும். 1947ல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் அந்தக் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள், அது காவல்துறையோடு மோதல்வரை போனது. தம்பியின் தாய்வழித் தாத்தாவும் கெடாவில் பால்மரம் வெட்டியவர். குடித்தே போனவர். அவருடைய மகளுக்குப் பிறந்த பையன் மதுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆறு மாதம் அம்மா பேசவில்லையாம்.

என்னையும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தெலுக் ஆயரிலிருந்து லிட்டில் இந்தியா ரயிலில் சில நிறுத்தங்கள்தான். 2013 டிசம்பர் 8ஆம் தேதிக் கலவரத்துக்குப் பிறகு, 2015ல் வந்த சட்டத்தில் அது மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. சட்டத்தின் தேவையை நான் கேள்வி கேட்கவில்லை. இங்கே குடிப்பது ரசனை, அங்கே குடிப்பது பிரச்சினை என்று நாமே மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோமே, அது கிண்ணத்தின் விலையால் மட்டும் போடப்பட்ட கோடாக இருந்துவிடக் கூடாது.

அன்று இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு சிறு சம்பவம். நல்ல சட்டை போட்ட ஒருவர் நான்காவது பானம் கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே பெரிய குவளையில் தண்ணீரும் ஒரு தட்டு வறுத்த கடலையும் வைத்தார். “கொஞ்சம் பேசிட்டு இருப்போம் சார், அப்புறம் பாக்கலாம்” என்றார். அவர் முகம் சுளித்தார். தம்பி நகரவில்லை. அரை மணி நேரத்தில் அவருக்கு வாடகைக் கார் வந்தது. அந்த நான்காவது கிண்ணத்தின் 28 வெள்ளி கடைக்குப் போனதுதான். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டாரா என்று கேட்டேன். “சொன்னா நான் வேற கடைக்குப் போயிடுவேன்கா. எங்க தாத்தாவுக்கு ஊத்துனவன் ஒருநாள் நிறுத்தியிருந்தா...” என்று தொடங்கியவர், துணியை எடுத்து மேடையைத் துடைக்கப் போய்விட்டார்.

மது இல்லாத பானங்களுக்குப் பட்டியலில் தனிப் பக்கம் உண்டு. வேலை அதிகம் அதில்தான் என்கிறார். ஆல்கஹால் மணத்தைத் தூக்கிக்கொண்டு வரும், தொண்டையில் சுள்ளென்று இறங்கும். அதை எடுத்துவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். எனவே காரம், துவர்ப்பு, புளிப்பு, ஒரு கிள்ளு உப்பு என்று வேறு வழிகளில் அந்தக் கனத்தைக் கொண்டுவர வேண்டும். அவர் கண்டுபிடித்த விடை, ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கும் பானகம். வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா, எலுமிச்சைக்குப் பதில் கலமான்சி, சுக்கு, ஏலக்காய், துவர்ப்புக்குக் கடும் தேநீர். 18 வெள்ளி. ரச ஜின்னைவிட எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டாவது கிண்ணமும் கேட்டேன், இதற்குத் தம்பி மறுப்புச் சொல்லவில்லை.

அந்தப் பானகத்தை முதன்முதலில் ருசி பார்த்தவர் அவருடைய அம்மா. தம்பி குடுவையில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்று இரவு சாப்பாட்டு மேசையிலேயே இருந்ததாம். நான்காம் நாள் காலையில் குடுவை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. “சுக்கு பத்தல” என்றாராம் அம்மா, ஆறு மாத மௌனத்துக்குப் பிறகு. இப்போது பட்டியலில் இருப்பது சுக்கு கூட்டிய பானகம்.

மதுக்கூடத்துக்கு அவர் இன்னும் வந்ததில்லை. பகலில் திறந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நேரம், மது இல்லாமல், குடும்பங்களுக்காக மட்டும் திறக்கலாமா என்று தம்பி முதலாளியிடம் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.