தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு குட்டையில் என்னென்ன பூச்சிகள் இருக்கும் என்று ஊகிக்க, தண்ணீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அது எத்தனை நாள் வற்றாமல் நிற்கும் என்று கேட்க வேண்டும்.

மிகக் குறைந்த நாளே நிற்கும் நீருக்கு ஆப்பிரிக்காவின் கருங்கல் பாறைக்குழிகளைச் சொல்லலாம். நைஜீரியாவில் இப்படிப்பட்ட குழிகள் மழைக்கு நிரம்பி, சில நாள் வெயிலிலேயே காய்ந்துவிடும். மீண்டும் மழை, மீண்டும் காய்ச்சல். பாலிபெடிலம் வாண்டர்பிளாங்கி என்ற கடிக்காத சிறு ஈயின் புழு வளர்வது அங்கேதான். புழுவுக்குச் சிறகு கிடையாது. தப்பிப் போக வழியில்லை. அதனால் அது குழியோடு சேர்ந்து தானும் காய்ந்துவிடுகிறது! உடலில் ஏறத்தாழ 3 சதவீத நீரே மிஞ்சும். நீர் இருந்த இடத்தை ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை பிடித்துக்கொண்டு, கண்ணாடிபோல் இறுகி, செல்களைச் சிதையாமல் காக்கிறது. சர்க்கரை சேர அவகாசம் வேண்டும். சட்டென்று உலர்ந்தால் புழு செத்துவிடும். சேற்றால் அது கட்டிக்கொள்ளும் குழாய்க்கூடுதான் உலர்தலை மெதுவாக்கி அந்த அவகாசத்தைத் தருகிறது. மூளையை நீக்கிய புழுவும் இப்படி உலர்ந்து, பிறகு உயிர்த்தெழுகிறது என்பது எனக்கு இன்னமும் நம்ப முடியாத செய்தி. உலர்ந்த புழு 102 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கியதைப் பூச்சியியலாளர் ஹின்டன் 1960இல் எழுதினார். 17 ஆண்டு உலர்ந்து கிடந்தும் நீர் பட்டதும் அசைந்தவை உண்டு.

இவ்வளவு பாடுபட்டு இந்தப் பாழ்குழியில் ஏன் இருக்க வேண்டும்? அங்கே வாழக்கூடியவர்கள் மிகச் சிலரே என்பதால்தான். சற்று ஆழமான குழிகளில், உலரத் தெரியாவிட்டாலும் விரைவாக வளர்ந்து பறந்துவிடும் வேறு ஈக்களின் புழுக்கள் இடம்பிடிக்கின்றன.

வாரக்கணக்கில் நீர் நின்றால் வேட்டைக்காரர்கள் வந்து சேர்வார்கள். நீர்வண்டுகளும் முதுகுநீச்சல் பூச்சிகளும் பறந்தே வருகின்றன. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அதிர்வுத் திசைதான் அவற்றுக்கு அடையாளம். பளபளக்கும் கார்க்கூரையைக் குட்டையென்று நம்பி இறங்கி ஏமாறுவதும் அதனால்தான். மழைக்காலத்தில் நம் ஊர்களில் கூட்டமாகப் பறக்கும் பாண்டாலா ஃபிளேவசென்ஸ் தட்டான், மழைநீர் தேங்கும் இடம் தேடிக் கடலையே கடக்கிறது என்று 2009இல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். அதன் இளம்பருவம் சில வாரங்களிலேயே முடிந்துவிடும்; பல தட்டான்களுக்கு மாதங்கள் ஆகும். ஆண்டு முழுதும் நீர் இருந்தால் மீன் வரும். பிறகு, வெட்டவெளியில் நீந்தித் திரியும் பெரிய பூச்சிகளுக்கு அங்கே வேலையில்லை.

வேட்டைக்காரன் தின்றுதான் குட்டையை மாற்ற வேண்டும் என்பதில்லை. இஸ்ரேலின் மழைக்குட்டைகளில் குலிசெட்டா என்ற கொசு, முதுகுநீச்சல் பூச்சி இருக்கும் நீரில் முட்டையிடுவதைத் தவிர்க்கிறது. பூச்சியிடமிருந்து வெளிப்படும் இரு ஹைட்ரோகார்பன்களின் வாசனை போதும், கொசு விலகிவிடும். பூச்சியை எடுத்துவிட்டாலும் சில நாளுக்கு அந்த நீரை அது தவிர்க்கவே செய்கிறது.