சிக்கனமாய் ஒரு பந்தயக் கார்!

கார்ப் பந்தயத்துக்கும் நம்ம அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரிகள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கையில் இருக்கும் பணம் கொஞ்சம், வாங்க வேண்டியதோ ஏராளம். எதை வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது என்று மாதாமாதம் நாம் போடுகிற கணக்கைத்தான் பந்தயக் கார் கட்டுகிற பிள்ளைகளும் போட வேண்டியிருக்கிறது. கணக்குத் தப்பினால் நமக்குக் கடன். அவர்களுக்கோ உயிரே ஆபத்து.

என் அக்கா மகன் என்ஜினீயரிங் படிக்கிறான். அவனும் கூடப் படிக்கும் இருபது பிள்ளைகளும், பெண் பிள்ளைகள் உட்பட, சேர்ந்து ஒரு கார் கட்டினார்கள். ஆளுக்கு எட்டாயிரம் ரூபாய் போடணும் என்றதும், அக்கா ஆம்பூரில் இருக்கிற எனக்குத்தான் போன் போட்டாள். "காரை ஓட்டப் போறதே இவன்தானாம்டி. பணம் போனாப் போகுது, புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதே!" என்று அழாத குறை. நான் அவனைக் கூப்பிட்டு, "கணக்கு நோட்டை எடுத்துக்கிட்டு வாடா, பார்க்கலாம்" என்றேன். அந்த நோட்டிலிருந்தும் அவன் வாயிலிருந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நேர்க்கோட்டு ஓட்டம்

'டிராக் ரேஸ்' என்பது வளைவு, திருப்பம் எதுவும் இல்லாத பந்தயம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்க்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடக்கிறார்கள் என்பதே போட்டி. நம் பக்கத்தில் சோழவரத்து யுத்த கால விமான ஓடுபாதையில்தான் பல வருஷம் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது. தேசிய டிராக் பந்தயங்களும் அங்கே நடந்திருக்கின்றன.

மாணவர்கள் கட்டும் கார்களுக்கு, இதற்குத் தங்கச்சி மாதிரி 75 மீட்டர் நேர் ஓட்டம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட மாணவர் போட்டி அமெரிக்காவில் ஆரம்பித்தது. நம் நாட்டில் 'ஃபார்முலா பாரத்' என்ற பெயரில் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்து வருகிறது. நம்ம வேலூர் வி.ஐ.டி. மாணவர்களுக்கும் 'ப்ரவேகா ரேசிங்' என்று ஒரு குழு இருக்கிறது.

அந்தக் கோவைப் பந்தயப் பாதை கரிவரதன் பெயரைத் தாங்கியது. மாருதி 800 காரின் என்ஜினை வைத்தே, நடுத்தரப் பணத்தில் 'ஃபார்முலா மாருதி' பந்தயக் கார்களைக் கட்டிக் காட்டியவர் அவர். 1995-ல் விமான விபத்தில் காலமானார். ஆகவே சிக்கனம் இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. மாணவர் போட்டியின் மொத்த மதிப்பெண் 1000. அதில் செலவுக் கணக்கை ஒழுங்காக எடுத்துச் சொல்வதற்கு மட்டுமே 100 மதிப்பெண்!

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

என்ஜினைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பல குழுக்களைப் போல இவர்களும் கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிளின் 373 சி.சி. என்ஜினைப் பழையதாக வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து மாட்டினார்கள்.

சீட்டுக்குக் கடைக்குப் போகவில்லை. பெரிய பிளாஸ்டிக் பைக்குள் பொங்கி இறுகும் நுரைக் கலவையை ஊற்றி, அதன்மேல் ஓட்டுகிறவனை உட்கார வைத்து விடுகிறார்கள். அவன் முதுகின் அச்சிலேயே சீட்டு தயார்! இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற கதைதான்.

பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் கடைசி. பணம் மிஞ்சினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நிறம் பூசியதால் கார் வேகமாக ஓடிவிடாது.

இன்னொன்று கேளுங்கள். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுகிறார்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். கோடு போட எது தெரியுமா? அக்கா பெண்ணின் நெயில் பாலிஷ்!

எதில் கை வைக்கக் கூடாது?

பிரேக்கில் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்து உப்பு மாதிரி. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால், பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால் என்றைக்கோ திறந்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. புதிதாகத்தான் திறக்க வேண்டும்.

சீட் பெல்ட்டுக்கு மருந்து பாட்டில் போலக் காலாவதித் தேதி உண்டு. தேதி தாண்டியதைப் பரிசோதகர்கள் ஏற்க மாட்டார்கள். பலமாகக் கீழே விழுந்த ஹெல்மெட்டும் அப்படித்தான். மேலே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நொறுங்கியிருக்கும்.

கையுறை விஷயம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. "தோல் ஊர்க்காரங்க நாம, கையுறைக்கா பஞ்சம்?" என்றேன். "வெறும் தோல் கையுறை ஆகாது சித்தி. தீயைத் தாங்குற துணியில இருக்கணும். அதுக்கு மேல வேணா தோல் போட்டுக்கலாம்" என்றான். யோசித்தால் நமக்குத் தெரிந்ததுதான். பதனிட்ட தோலைக் கொதிதண்ணீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் நம்ம பக்கத்துத் தொழிற்சாலைகளில் உண்டே! தீயில் தோல் சுருங்கினால் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆக, அந்த நோட்டில் முதல் பக்கம் பிரேக், பெல்ட், ஹெல்மெட், உடை, தீயணைப்பான். அந்தப் பக்கம் முழுக்க 'டிக்' ஆன பிறகுதான் மறுபக்கம். அதைப் பார்த்த பிறகே அக்கா பணம் கொடுத்தாள்.

முதல் ஓட்டம்

புதுக் காரை எடுத்தவுடனே விரட்டக் கூடாது. முதலில் மெதுவாகச் சில சுற்று. நிறுத்தி, எல்லா நட்டையும் பார்த்து, ஒழுகல் இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் முன் சக்கரத்துப் பக்கம் ஒரு நெயில் பாலிஷ் கோடு விலகியிருந்தது! உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு அது. கழற்றி மறுபடி போட்டால் பிடிப்புக் குறைந்துவிடுமாம். புதிது மாற்றினார்கள், சில ரூபாய்தான். பார்க்காமல் வேகமாகப் போயிருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

போட்டியிலும் முதலில் ஓட விடுவதில்லை. காரை 60 டிகிரி சாய்த்து, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். ஓடி வந்து பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவன் பெல்ட்டை அவிழ்த்து 5 விநாடிக்குள் வெளியே வர வேண்டும். இதற்காக அவன் நாள் தவறாமல் பழகினான். அக்காதான் கடிகாரம் பார்த்தாள். எட்டு விநாடியில் ஆரம்பித்து நாலுக்கு வந்தான். அந்த நாலைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

பரிசு ஒன்றும் வரவில்லை. எல்லாச் சோதனையிலும் தேறி, கார் முழுசாக ஓடி முடித்தது.

உங்கள் பிள்ளை கேட்டால்...

உங்கள் வீட்டுப் பிள்ளையும் பந்தயம், வேகம் என்று வந்து நின்றால், உடனே 'கூடாது' என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் ரகசியமாக நெடுஞ்சாலைக்குப் போய்விடும். ஆம்பூர் வழியாகப் போகிற பெங்களூர் ரோட்டில் ராத்திரி பைக் உறுமுகிற சத்தம் எத்தனை தாய்மாருக்குக் கேட்கிறதோ! பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவர்களுக்கே மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அதைவிட, பக்கத்தில் உட்கார வைத்து மூன்றே கேள்வி கேளுங்கள். எங்கே ஓட்டப் போறே? யார் பரிசோதிக்கிறாங்க? கணக்கு நோட்டில் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கே? முதல் பக்கத்தில் பிரேக்கும் பெல்ட்டும் இருந்தால் தைரியமாகப் பணம் கொடுக்கலாம். சைலன்ஸரும் ஸ்டிக்கரும் இருந்தால், நோட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதி வரச் சொல்லுங்கள்.