அங்கடி: அன்றும் இன்றும்

தமிழில் அங்காடி; கன்னடத்திலும் தெலுங்கிலும் அங்கடி. மூன்று மொழியும் கலந்து புழங்கும் ஓசூர்ச் சீமையில், எந்த வீட்டுப் பிள்ளையை அனுப்பினாலும் கடைக்கு வழி தெரிந்துவிடும்.

கெலமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே மளிகைக் கடை. ஒன்று, இரண்டு என்று எண் எழுதிய பலகைகளை வரிசையாகக் கழற்றிச் சுவரில் சாத்தினால் கடை திறந்தாயிற்று. உப்பு மூட்டை மட்டும் இரவு பகல் வாசலிலேயே கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள். உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, செட்டியார் பொட்டலம் கட்டும் வேகத்தைப் பார்ப்பதற்கென்றே நான் நின்றிருக்கிறேன். கிளம்பும்போது கொசுறாக ஒரு துண்டு வெல்லம் கைக்கு வரும்.

கேழ்வரகைக் கொடுத்து உப்பும் மிளகாயும் வாங்கிப் போனவர்கள் உண்டு. படியைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதில் தினமும் ஒரு வழக்கு நடக்கும். அளக்கும்போது முதல் படியை "ஒன்று" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அடுத்ததுதான் இரண்டு.

"அறுப்பு முடிஞ்சதும் தந்துடறேன் செட்டியாரே" என்றால் போதும், பற்று நோட்டில் ஏறிவிடும். அந்த நோட்டை நான் புனிதமாக்க விரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சரிபார்க்க வழியில்லை. ஆனால் மழை பொய்த்த வருடத்தில் அடுப்பு எரிந்ததும் அந்த நோட்டால்தான்.

1956இல் எடையளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் அணா போய்ப் புதுக்காசு வந்தது, 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஆழாக்கு, உழக்கு, பலம், வீசை எல்லாம் மெல்லப் பேச்சிலிருந்து விலகின. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கடைகளை உண்மையில் மாற்றியது சிப்காட்தான். எழுபதுகளில் ஓசூரில் அதன் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. டிவிஎஸ்ஸும் டைட்டனும் சேர்ந்தன. அறுவடையை எதிர்பார்த்திருந்த குடும்பங்களில் மாதச் சம்பளம் நுழைந்தது. அறுப்புக்கு அறுப்பு தீர்ந்த கடன், முதல் தேதிக்கு முதல் தேதி தீரும் கணக்கானது.

இன்று அந்த இடத்தில் இரும்பு ஷட்டர். பொட்டல நூல் தொங்கிய இடத்தில் ஷாம்பு, மசாலா பாக்கெட் சரங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளுக்காகக் கடுகெண்ணெய் இருக்கிறது. கடைக்காரர் இந்தியும் பேசுகிறார். தராசு மின்னணு. கல்லாவின் மேல் கியூஆர் அட்டை. பணம் வந்ததைப் பக்கத்து ஒலிப்பெட்டியே சத்தமாகச் சொல்கிறது. ஏமாற்று குறைந்திருக்கிறது, அது நல்லதுதான். கொசுறு மட்டும் இல்லை.

பழைய கடைகளைக் காப்பாற்றி வைத்தவர்களும் இருக்கிறார்கள். மணிபாலில் விஜயநாத் ஷெணாய் உருவாக்கிய ஹஸ்த சில்பா பாரம்பரிய கிராமத்தில், பழைய வீடுகளோடு ஒரு கடைவீதியும் நிற்கிறது. அவர் அரசரல்ல, செல்வந்தருமல்ல. வங்கியில் வேலை பார்த்தவர். ராமநகரத்தில் நாகேகௌடா தொடங்கிய ஜானபத லோகாவில், நாட்டுப்புற மக்களின் அன்றாடப் புழங்குபொருள்களே காட்சிக்கு இருக்கின்றன. நம் பக்கம் கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. போரில் மாண்டவனுக்கு நடுகல் நட்ட மண் இது. அந்தக் கற்களைக் காக்கிறோம். ஊருக்கே உப்பும் விளக்கெண்ணெயும் அளந்த படிக்கும் அங்கே ஓர் அறை வேண்டும் என்பது என் கோரிக்கை.

உங்கள் வீட்டுப் பரணில் முத்திரை குத்திய படியோ, செல்லரித்த பற்று நோட்டோ கிடந்தால் பழைய இரும்புக்கும் காகிதத்துக்கும் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர்க் கடை, யார் நடத்தியது, எந்த ஆண்டு வரை என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பிறகு ஒரு நாள் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.