எம்.பி நிதியில் நினைவுத் தூண் கட்ட முடியாது... சாலை போடலாம்! லைட்ஹவுஸ் குப்பம் என்ன கேட்கலாம்?

டிசம்பர் 26 வந்தால், 2004 சுனாமியில் இறந்தவர்களுக்குத் தமிழகக் கடற்கரை எங்கும் பால் ஊற்றி, மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். அஞ்சலிக்கு வரும் எம்.பி-யிடம் ஊர் மக்கள் எதைக் கேட்பது? நினைவுத் தூணா, சாலையா?

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இது சும்மா கேள்வி இல்லை. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. பாலத்தைத் தாண்டித்தான் பழவேற்காடு ஊருக்குப் போகணும். புயல் எச்சரிக்கை வந்தால் வெளியேறவும், ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் சாலை நன்றாக இருக்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

எம்.பி தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இதில் நினைவுச் சின்னம் கட்ட அனுமதி இல்லை, சாலை போடலாம். எம்.பி பரிந்துரை மட்டுமே செய்வார், பணம் அவர் கைக்கு வராது. ஒப்புதல் தருவது மாவட்ட நிர்வாகம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எந்தச் சாலை, எவ்வளவு நீளம் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்க. நகலைத் திருவள்ளூர் எம்.பி-க்கும் கலெக்டருக்கும் கொடுங்க. கடலோரம் என்பதால், கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுடுங்க.

நினைவுத் தூணை ஊரே பணம் திரட்டிக் கட்டிவிடலாம். சாலைக்கு அரசுப் பணம்தான் வேண்டும்.