நீர்முள்ளி: பெயரறிந்து அருந்துவோம்

மழைக்காலம் முடியும் தறுவாயில் அனந்தபுரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நீலங்கலந்த ஊதாநிறப் பூக்களுடன் நிற்கும் முட்செடியே நீர்முள்ளி. தண்டின் கணுதோறும் நீண்ட கூரிய முட்கள் சுற்றி நிற்க, அவற்றின் இடையே பூக்கள் மலரும்.

கால் வீக்கத்திற்கும் நீர்ச்சுருக்கிற்கும் இதனைக் கொதிக்கவைத்து அருந்துவது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கம். சித்த மருத்துவத்தில் நீர்முள்ளிக் குடிநீர் என்னும் மருந்தும் உண்டு. சிறுநீரக நோயாளிகளிடம், "வேறு மருந்து ஏதேனும் அருந்துகிறீர்களா?" என்று நாங்கள் வினவுவது இதனாலேயே.

பெயரில் நேரும் குழப்பம்

இச்செடியின் அறிவியற்பெயர் ஹைக்ரோபிலா ஆரிகுலேட்டா. ஹைக்ரோபிலா என்பதற்கு ஈரத்தை விரும்புவது என்று பொருள். ஆஸ்டெரகாந்தா லாங்கிஃபோலியா, ஹைக்ரோபிலா ஸ்பைனோசா எனப் பழைய நூல்கள் குறிப்பதும் இதனையே. ஆனால் மஞ்சள் பூப் பூக்கும் செம்முள்ளியும், பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளில் வளரும் கழிமுள்ளியும் வேறு செடிகள். இதன் விதை கடைகளில் தால்மகானா என்று விற்கப்படுகிறது. பொரித்து உண்ணும் மகானாவோ அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நீர்த்தாவரத்தின் விதை. பொட்டலத்தில் "முள்ளிப் பொடி" என்று மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது எது என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது.

சிறுநீரகம் பழுதுற்றோர் கவனிக்க

நீர்முள்ளியில் பொட்டாசியம் உப்புகள் மிகுதி. நலமுள்ள சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தால், முன்னறிகுறி ஏதுமின்றியே இதயத்துடிப்பு தடுமாறக்கூடும். எனலாப்ரில், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகள் உட்கொள்வோருக்கு இந்த அபாயம் கூடுதல்.

காய்களை வேகவைத்து அந்நீரை வடித்துவிடுமாறு நாங்கள் அறிவுறுத்துவது, பொட்டாசியம் நீரில் இறங்கிவிடும் என்பதாலேயே. கஷாயத்திலோ, நாம் அருந்துவது அந்த நீரையே.

நாங்கள் வேண்டுவது

எம்மருத்துவ முறையையும் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. நீங்கள் அருந்தும் பொடி, வேர், கஷாயம் எதுவாயினும், பொட்டலத்துடன் அல்லது செடியின் ஒரு கிளையுடன் எங்களிடம் காட்டுங்கள். சித்த மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் கிரியாட்டினின், பொட்டாசியம் முடிவுகளைத் தவறாது எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே அருந்தியிருப்பின் அஞ்சியோ கூசியோ மறைக்க வேண்டா. உரிய நேரத்தில் சொன்னால், ஒரு எளிய இரத்தப் பரிசோதனையிலேயே நிலையை அறிந்துவிடலாம்.