பூட்டு போட்டாச்சு... பெட்டி பத்திரமா? விமானப் பயணமும் லக்கேஜ் பாதுகாப்பும்: ஒரு விளக்கம்

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி, அந்தப் பக்கம் திருச்சுழி... எல்லாமே வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் இங்கே புதிதல்ல. மதுரை விமான நிலையத்துக்குக் கார் பிடிக்கும் முன் வீட்டில் கடைசியாக நடக்கும் வேலை, பெட்டியைப் பூட்டுவது. சேவு, கருப்பட்டி, ஊறுகாய், அருப்புக்கோட்டைச் சேலை எல்லாவற்றையும் அடுக்கி, ஒரு பூட்டைப் போட்டு, அதற்கு மேல் நைலான் கயிற்றால் குறுக்கே நாலு கட்டு. "இனி யாரும் திறக்க முடியாதுப்பா!"

உண்மையிலேயே முடியாதா?

பூட்டு எதைத் தடுக்கும்?

இன்று விற்கும் பெரும்பாலான பெட்டிகள் ஜிப் வைத்தவை. இந்த ஜிப்பைத் திறக்கப் பூட்டை உடைக்கத் தேவையில்லை. ஒரு பால்பாயின்ட் பேனா முனையை ஜிப் பற்களுக்கு நடுவே குத்தினாலே பிளந்துவிடும். வேலை முடிந்ததும், பூட்டோடு சேர்ந்த இரண்டு ஸ்லைடர்களையும் ஒரு சுற்று இழுத்தால் ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு அப்படியே இருக்கும், உள்ளே பொருள் இருக்காது!

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஸ்லைடர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் பூட்டாமல், பெட்டியின் கைப்பிடியோடோ நகராத வளையத்தோடோ சேர்த்துப் பூட்டுங்கள். ஸ்லைடர் நகர முடியாவிட்டால், பிளந்த ஜிப்பைத் தடயமில்லாமல் மூட முடியாது. ஜிப் இல்லாத, கிளிப் வைத்த ஹார்டு கேஸ் பெட்டி இன்னும் நல்லது.

அப்போ பூட்டே வீணா? இல்லை. வழியில் பெட்டி தானாகத் திறந்து கொட்டாமல் இருக்கவும், அவசரத்தில் கைவிடுபவரைத் தடுக்கவும் அது உதவும். நேரமும் துணிச்சலும் உள்ளவரைத் தடுக்காது.

டிஎஸ்ஏ பூட்டு என்றால் என்ன?

கடைகளில் சிவப்பு வைரக்குறி போட்ட பூட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, விமானத்தில் ஏறும் எல்லா செக்-இன் பெட்டிகளையும் சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சந்தேகம் வந்தால் நீங்கள் பக்கத்தில் இல்லாமலே அதிகாரிகள் பெட்டியைத் திறப்பார்கள். சாதாரணப் பூட்டு என்றால் வெட்டிவிடுவார்கள். அதற்காகவே, அதிகாரிகளிடம் உள்ள மாஸ்டர் சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகள் 2003-ல் வந்தன.

சிக்கல் என்ன தெரியுமா? 2014-ல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட ஒரு படத்தில் அந்த மாஸ்டர் சாவிகள் தெளிவாகத் தெரிந்தன. அடுத்த ஆண்டே, அதைப் பார்த்து 3டி பிரின்டரில் சாவி அடிக்கும் கோப்புகள் இணையத்தில் பரவின. எனவே இந்தப் பூட்டின் உண்மையான பயன், உங்கள் பூட்டு வெட்டுப்படாமல் தப்பிப்பதுதான். அமெரிக்கா போகிறவர்களுக்கு அவசியம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் இதற்கென்று அதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நம்ம ஊரில் எப்படி? எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால், பொதுவாக உங்களை அழைத்து, உங்கள் முன்னால்தான் திறப்பார்கள். அதனால் போர்டிங் பாஸ் வாங்கியதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். அறிவிப்பில் உங்கள் பெயர் வரலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம், சென்னையே போதும். 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென மீனம்பாக்கத்தில் கொடுக்கப்பட்ட பெட்டிகளில் இருந்த குண்டு, விமான நிலையத்துக்குள்ளேயே வெடித்தது. 33 பேர் உயிரிழந்தனர். பெட்டியைக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. மறு ஆண்டு ஜூன் 23-ல், ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். அங்கேயும் அதே கதை: பெட்டி பயணித்தது, பயணி வரவில்லை.

பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்ற விதி இறுகியதற்கு இந்தச் சாவுகளே பின்னணி. "ஒருத்தர் வரலைன்னு பிளைட்டை ஏன் நிறுத்தி வச்சிருக்காங்க?" என்று அடுத்த முறை எரிச்சல் வந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டைவிடப் பெரிய ஆபத்து

பெட்டியிலிருந்து பொருள் போவதைவிட, உங்கள் பெயரில் வேறு பொருள் வருவதுதான் பயங்கரம். 2023 மார்ச்சில் பிரேசிலிலிருந்து ஜெர்மனி போன இரண்டு பெண்கள் பிராங்பர்ட்டில் கைதானார்கள். சாவ் பாலோ விமான நிலையத்தில் அவர்களுடைய பெட்டிகளின் டேக்கைக் கழற்றி, கோகெய்ன் நிரம்பிய வேறு பெட்டிகளில் ஒட்டியிருந்தது ஒரு கும்பல். சிசிடிவி காட்சிகள் கிடைத்து உண்மை வெளிவரும் வரை, 38 நாள் சிறை. எந்தப் பூட்டாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது: செக்-இன் கவுன்டரில் பெட்டியையும் டேக்கையும் எடை காட்டும் திரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். டேக் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பழக்கம். "தம்பி, எங்க மாமாவுக்கு இந்த ஒரு பார்சலை மட்டும் கொடுத்திருப்பா" என்பார்கள். மறுக்கச் சங்கடம்தான். ஆனால் உங்கள் டேக் ஒட்டிய பெட்டியில் இருப்பது எல்லாம் சட்டப்படி உங்கள் பொருள். பிரித்துப் பார்க்காத எதையும் வாங்காதீர்கள். கெட்ட எண்ணமே இல்லாமலும் சிக்கலாம்: குருமாவுக்கு அம்மா பொட்டலம் கட்டித் தரும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது!

எதை எங்கே வைப்பது?

* பவர் பேங்க், தனி பேட்டரி: கைப்பையில் மட்டும். 100 வாட் ஹவருக்குள், அதாவது ஏறத்தாழ 27,000 எம்.ஏ.ஹெச் வரை இருந்தால் நல்லது.
* நகை, பணம், சான்றிதழ், மருந்து, லேப்டாப்: கைப்பையில். நகைக்கும் பணத்துக்கும் பொறுப்பில்லை என்று பல விமான நிறுவனங்கள் டிக்கெட் நிபந்தனையிலேயே சொல்லிவிடுகின்றன.
* கொப்பரைத் தேங்காய்: வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பது விமானத் துறையின் வகைப்பாடு.

பெட்டி உடைந்தால், தொலைந்தால்?

இந்தியா 2009-ல் இணைந்த மாண்ட்ரீல் ஒப்பந்தம்தான் சர்வதேசப் பயணங்களில் உங்கள் ஆயுதம். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதம் என்றால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். 21 நாளாகியும் பெட்டி வரவில்லையா? தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம்.

இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. நம்ம பணத்தில் எவ்வளவு என்பது அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது. இது உச்சவரம்புதான், அப்படியே கைக்கு வரும் தொகை அல்ல. என்ன இருந்தது, என்ன விலை என்று காட்ட வேண்டும். ஆகவே, மூடும் முன் திறந்த பெட்டியை ஒரு போட்டோ எடுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

முக்கியமாக, பெல்ட்டில் பெட்டியை எடுத்ததும் அங்கேயே ஜிப்பையும் பூட்டையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெளியே வரும் முன் விமான நிறுவனத்தின் கவுன்டரில் பி.ஐ.ஆர் எனும் புகார்ப் பதிவைப் போட்டு, அதன் எண்ணை வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்த பிறகு, எங்கே போனது என்று நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம்.