மிதித்தும் ஏறாத வேகம்: பிக்கப் வண்டிக்கு என்ன நோய்?

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போனால் புடவைக் கடையையும் பூக்கடையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். லெபோ பாசாரில் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் பிக்கப் வண்டிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். அரிசி மூட்டை, எண்ணெய் டின், மசாலைப் பெட்டி என்று ஏறிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று உங்கள் மாமாவுடையது என்று வைத்துக்கொள்வோம். பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் மேட்டில் ஏறி, பாலிக் பூலாவுக்குச் சரக்கு கொண்டுபோக வேண்டும். முன்பு சுலபமாக ஏறிய வண்டி இப்போது முனகுகிறது. "டர்போ போச்சு, மாத்திடு" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். புது டர்போ என்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி. மாமா பணத்தை எடுப்பதற்குள் நாம் கொஞ்சம் இயற்பியல் பேசிவிடலாம்.

பள்ளியில் 'பெச்சுத்தான்' என்று படிக்கிறீர்களே, அந்த முடுக்கம்தான் இங்கே குறைந்திருக்கிறது. விசை = நிறை × முடுக்கம். சரக்கோடு 3,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி, 10 விழுக்காடு சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் மேட்டில் ஏறுகிறது என்று கொள்ளுங்கள். புவியீர்ப்பு மட்டுமே அதைச் சுமார் 2,940 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதை எதிர்த்து ஏற ஏறக்குறைய 33 கிலோவாட் ஆற்றல் வேண்டும். வேகம் கூட வேண்டுமானால் அதற்கு மேலும் தர வேண்டும். சமதரையில் தெரியாத நோய் மேட்டில் தெரிவது இதனால்தான்.

முதல் கேள்வி: எஞ்சினில் ஆற்றல் பிறக்கவில்லையா, பிறந்த ஆற்றல் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் சட்டென ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. டர்போ மேல் பழி போட வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கலாம். (தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும். பட்டறையில் தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி இருக்கும்.) அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருக்கிறாரா என்றும் மாமாவிடம் கேளுங்கள். ஆரம் 10 விழுக்காடு கூடினால், அதே முறுக்கு விசைக்குச் சாலையைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 9 விழுக்காடு குறையும். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான்.

இவை எதுவும் இல்லையென்றால் எஞ்சினுக்கு வருவோம். இங்கே ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கட்டை கிடையாது. அழுத்தத்தால் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆகவே காற்று, எரிபொருள் இரண்டில் எது குறைந்தாலும் வலு குறையும். எது குறைகிறது என்பதைப் புகைக்குழாய் ஓரளவு சொல்லிவிடும்.

கரும்புகை என்பது எரியாத கரித்துகள். எரிபொருளுக்கு ஏற்ற காற்று போதவில்லை. காற்று வடிகட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள், இருப்பதிலேயே மலிவான வைத்தியம் அதுதான். அடுத்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்கள். மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தம், இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டும் வெடிப்புக்கு அடையாளம். எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தக் குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்து, மேலே சோப்பு நீர் தெளிப்பார் மெக்கானிக். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சைக்கிள் டியூப் பஞ்சரைத் தண்ணீரில் அமுக்கிக் கண்டுபிடிப்பது போலத்தான். டர்போ கெட்டதுபோல் நடிப்பது பல நேரங்களில் இந்த ஒரு குழாய்தான்!

இன்னொன்று, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு. எரியும் வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது அதன் வேலை. குறுகலான தெருக்களில் நின்று நின்று போகும் வண்டியில் கரி படிந்து அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்யலாம். அடைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நஞ்சைச் சுவாசிப்பது அதே தெருவில் நடக்கும் நாம்தான்.

புகையே இல்லை, வலுவும் இல்லையென்றால் எரிபொருள் வடிகட்டியைச் சந்தேகியுங்கள். நம் நாட்டு நிலையங்களில் விற்கும் பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. இந்த உயிரி டீசல் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை ஈர்க்கும். பழைய தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும். இரண்டும் வடிகட்டியில்தான் வந்து நிற்கும். தேங்கிய நீரை வடித்துவிட, பெரும்பாலான வடிகட்டிகளின் அடியில் ஒரு திருகு உண்டு. ஆனால் வடிகட்டியைத் தாண்டி, எஞ்சின் பக்கம் உள்ள உயரழுத்தக் குழாய்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே அழுத்தம் 1,600 பாரையும் தாண்டலாம். கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

புதிய வண்டிகளில் புகைக்குழாயிலேயே கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருப்பதால், காற்றுக் குறையிருந்தாலும் கரும்புகை கண்ணில் படாது. அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் வலு குறையும். அப்போது வண்டியின் கணினியோடு கருவியை இணைத்து, பதிவான பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். குறியீடு ஓர் உறுப்பின் பெயரைச் சொன்னால் அந்த உறுப்பு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. 'காற்று அளவு குறைவு' என்று வந்தால், அளக்கும் உணரி அழுக்காகவும் இருக்கலாம், குழாய் கிழிந்தும் இருக்கலாம். அந்த உணரிக்குள் இருப்பது சூடேற்றிய மெல்லிய கம்பி. காற்று அதிகம் வீசினால் அதிகம் குளிரும், வெப்பத்தைக் காக்க மின்னோட்டம் கூடும், அதை வைத்துக் காற்றின் அளவைக் கணக்கிடுவார்கள். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும். அதற்கென்றே உள்ள தெளிப்பான் இருக்கிறது.

பழுது பார்த்த பிறகு, சரியாகிவிட்டதா என்பதை மாமாவின் மனத்திருப்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுது பார்ப்பதற்கு முன்பே ஒருமுறை அளந்திருக்க வேண்டும்: துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில், சாலை காலியாக இருக்கும் நேரத்தில், அதே சரக்கு, அதே கியர், மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டரை எட்ட எத்தனை விநாடி? கைப்பேசிக் கடிகாரத்தைப் பக்கத்து இருக்கையில் இருந்து நீங்கள் அழுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு பாகங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டால், குணமாக்கியது எது என்று யாராலும் சொல்ல முடியாது.